எல்லை விரியும் புதுக்கோட்டை



2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி புதுக்கோட்டை மாநகராட்சி ஆயிற்று. திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி ஆகிய நகரங்களும் அன்றே அந்தத் தகுதியைப் பெற்றன. அதுவரை நகர்மன்றத் தலைவராக இருந்த திலகவதி செந்தில் புதுக்கோட்டையின் முதல் மேயரானார். நகருக்குள் இது பெருமைக்குரிய செய்தி. நகரைச் சுற்றியுள்ள பல ஊராட்சிகளிலோ வேறு குரல் எழுந்தது. எங்கள் ஊரை மாநகராட்சியோடு சேர்க்க வேண்டாம், ஊராட்சியாகவே இருக்க விடுங்கள் என்று மக்கள் கோரிக்கை மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

ஒரே அறிவிப்பு நகருக்குள் மகிழ்ச்சியாகவும் அதன் விளிம்பில் கலக்கமாகவும் போய்ச் சேர்ந்தது ஏன்? இதற்கு விடை தேட இந்த ஊரின் நிர்வாக வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் புரட்ட வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், இராமநாதபுரத்து ரகுநாத கிழவன் சேதுபதியின் ஆதரவோடு தொண்டைமான்களின் ஆட்சி இங்கே வேரூன்றியது. சேதுபதி மணந்த காதலி நாச்சியார், இங்கே ஆட்சியைத் தொடங்கிய ரகுநாதராயத் தொண்டைமானின் சகோதரி. அன்று தொடங்கிய சமஸ்தானம், சுற்றிலும் திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் எல்லாம் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் போன பிறகும் தனித்தே நின்றது. 1,178 சதுர மைல் பரப்பு. ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்று தாலுகாக்கள். இந்தச் சிறிய நாட்டுக்குத் தனி அரசர், தனித் திவான், தனி நீதிமன்றங்கள், தனி நாணயம் எல்லாம் இருந்தன. நவராத்திரிக் காலத்தில் கொடுக்கப்பட்ட அம்மன் காசை இன்றும் சில வீடுகளில் பூஜை அறையில் வைத்திருக்கிறார்கள்.

புதுக்கோட்டைக்கு முதல்முறையாக வருகிறவர்கள் கவனிப்பது அதன் வீதிகளைத்தான். நடுவில் நான்கு ராஜவீதிகள். அவற்றுக்கு இணையாக இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று நேர்கோட்டில் அடுக்கடுக்காகப் போகும். கீழ மூன்றாம் வீதி, வடக்கு ராஜவீதி என்று சொன்னால் போதும், வெளியூர்க்காரரும் வழி கேட்காமல் போய்ச் சேர்ந்துவிடுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசர் இளவயதினராக இருந்தபோது, தஞ்சை ரெசிடெண்ட் மேஜர் பிளாக்பர்ன் என்பவர் சமஸ்தானத்துக்கு ஆலோசகராக இருந்தார். நகரைச் சீரமைக்கும் வேலை அவர் காலத்தில் தொடங்கியது. அதைத் தொடர்ந்து ஊருக்கு இன்றைய முகத்தைக் கொடுத்தவர் திவான் சேஷையா சாஸ்திரி.

சேஷையா சாஸ்திரியைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878இல் புதுக்கோட்டைக்கு வந்தவர் அவர். அப்போது சமஸ்தானத்தின் கஜானா கடனில் இருந்தது. 1894 வரை, முதலில் திவானாகவும் பிறகு சிறுவயது அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்காக ஆட்சிப் பொறுப்பு வகித்தவராகவும், ஏறக்குறைய 16 ஆண்டுகள் இங்கே பணியாற்றினார். நகரின் குளங்களைத் தூர்வாரினார். பல்லவன் குளமும் புதுக்குளமும் குடிநீருக்காகச் சீர்செய்யப்பட்டன. வீதிகள் ஒழுங்குபெற்றன, அரசு அலுவலகங்களுக்குக் கட்டடங்கள் எழுந்தன.

ஆனால் கட்டடங்களைவிடப் பெரிய காரியம் ஒன்றை அவர் செய்தார். அதுவரை இங்கே அமானி முறை இருந்தது. நிலத்தில் விளைந்ததில் அரசுக்கு ஒரு பங்கு, விவசாயிக்கு ஒரு பங்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. சர்க்கார் ஆள் வந்து பார்த்து அனுமதி கொடுக்கும் வரை அறுவடையில் கை வைக்க முடியாது. அறுத்த நெல்லை அளந்து பங்கு பிரிக்கும் வரை களத்திலிருந்து எடுக்க முடியாது. அதற்குள் மழை வந்தால் நெல் களத்திலேயே முளைத்துவிடும். இடையில் இருக்கும் சிப்பந்திகள் எல்லோரையும் கவனித்தாக வேண்டும். சாஸ்திரி இந்த முறையை ஒழித்து, நிலத்துக்கு இவ்வளவு என்று பணமாகத் தீர்வை கட்டும் முறையைக் கொண்டுவந்தார். தான் கட்ட வேண்டியது எவ்வளவு என்பது விவசாயிக்கு முன்கூட்டியே தெரிந்தது. அந்தத் தெளிவுதான் அவர் செய்த பெரிய சீர்திருத்தம் என்று நான் நினைக்கிறேன்.

இருந்தாலும் இதெல்லாம் மேலிருந்து வந்த நன்மை. தீர்வை எவ்வளவு, குளத்தை எப்போது தூர்வாருவது என்பதில் மக்களுக்குச் சொல்ல ஒரு வாய்ப்பும் இல்லை. 1902இல் பிரதிநிதிகள் சபை ஒன்று வந்தது. 1912இல் புதுக்கோட்டைக்கு நகராட்சி வந்தது. 1924இல் சட்டமன்றம் வந்தது. மன்றங்கள் ஒவ்வொன்றாக வந்தாலும் முடிவெடுக்கும் அதிகாரம் அரசரின் தர்பாரிடமே இருந்தது.

அதன் விளைவு 1931இல் வெடித்தது. மார்த்தாண்ட பைரவர் 1928இல் பாரிஸில் காலமாகியிருந்தார். புதிய அரசர் ராஜகோபாலத் தொண்டைமான் ஒன்பது வயதுச் சிறுவர். ஆட்சி அதிகாரிகள் கையில். உலகம் முழுவதும் பொருளாதார மந்தம், விளைபொருளுக்கு விலை இல்லை. அந்த நேரத்தில் நகராட்சி வரிகள் உயர்த்தப்பட்டன. திருமயத்தில் பிறந்து தேசிய இயக்கத்தில் பெரும் பேச்சாளராக உயர்ந்திருந்த சத்தியமூர்த்தி, தன் சொந்த சமஸ்தானத்து மக்களின் குறையை எடுத்துப் பேசினார். எதிர்ப்பு ஜூலை மாதத்தில் கலவரமாக மாறியது. அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன. நாட்டின் விடுதலைப் போராட்ட வரலாற்றில் இந்த நிகழ்வுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். வீட்டு வரி என்கிற, அன்றாட வாழ்வோடு ஒட்டிய ஒரு விஷயத்துக்காக ஒரு சமஸ்தானத்தின் தலைநகரமே எழுந்து நின்றது. எங்களைக் கேட்காமல் எங்கள் வீட்டுக்கு வரி போடாதே என்பதுதான் அதன் உள்ளே இருந்த குரல்.

1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. சுதந்திர நாட்டின் குடிமக்கள் ஆனோம், வாக்குரிமை பெற்றோம். அதே வேளையில் ஒரு தலைநகரம் கோட்டத் தலைமையிடமாகச் சுருங்கியது. மாவட்ட அலுவலகத்தில் ஒரு வேலை என்றால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறித் திருச்சிக்குப் போக வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டிய அதிகாரி அன்று ஊரில் இல்லையென்றால் மறுபடியும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். இப்படி 26 ஆண்டுகள் போயின.

1974 ஜனவரி 14ஆம் தேதி திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டம் உருவானது. பழைய சமஸ்தானத்து ஊர்களோடு, தஞ்சையைச் சேர்ந்த அறந்தாங்கிப் பக்கமும் வந்து சேர்ந்தது. கடலே இல்லாதிருந்த புதுக்கோட்டைக்கு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று கடற்கரை கிடைத்தது. தொண்டைமான்களின் புதிய அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆனது. அரசர் குடும்பம் வாழ்ந்த மாளிகையில் இன்று பட்டா மாற்றத்துக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மக்கள் மனு கொடுக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் தயங்காமல் போக வேண்டும், அது அவர்களுடைய இடம்.

மாவட்டம் ஆனதிலிருந்து நகரம் வேகமாக வளர்ந்தது. அலுவலகங்கள் வந்தன, அலுவலர்கள் வந்தார்கள், அவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. ராஜவீதிகளுக்குள் இடம் ஏது? திருச்சி சாலையிலும் தஞ்சை சாலையிலும் திருமயம் சாலையிலும் நகர்கள் முளைத்தன. 2011 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் 1,17,630 பேர் இருந்தார்கள். ஆனால் நகரத்தின் வாழ்க்கை அந்த எல்லையைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. நத்தம்பண்ணையில் குடியிருப்பவர் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நகருக்குத்தான் வருகிறார். முள்ளூர், வாகவாசல், திருமலைராயசமுத்திரம், கவிநாடு ஆகிய ஊர்களுக்கும் இது பொருந்தும். வயலாக இருந்தவை மனைகளாயின. மனைகளுக்கு நடுவே போடப்பட்ட தெருக்களில் சாக்கடை எங்கே போய் முடியும் என்று யாரும் யோசிக்கவில்லை.

கவிநாடு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. திருக்கோகர்ணத்துக் கோயிலின் பழங்கல்வெட்டுகள் அந்த ஊரைத் தென்கவிநாட்டுத் திருக்கோகர்ணம் என்று குறிக்கின்றன. அதாவது, புதுக்கோட்டை என்ற நகரம் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கவிநாடு ஒரு நிர்வாகப் பிரிவாக இருந்தது. திருக்கோகர்ணம் அதற்குள் அடங்கிய ஊர். இன்று திருக்கோகர்ணம் நகரின் ஒரு பகுதி. கவிநாடு நகரத்தோடு சேர வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. எல்லைகள் என்றும் ஒரே இடத்தில் நின்றதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆகவே, எல்லை மாறுவதையே தவறு என்று சொல்ல நான் வரவில்லை. குப்பை அள்ள, குழாய்த் தண்ணீர் கொடுக்க, பாதாளச் சாக்கடை போட நகரமும் அதன் புறமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பது நல்லதுதான்.

அப்படியானால் கிராமத்து மக்கள் ஏன் எதிர்த்தார்கள்? அவர்கள் சொன்ன முதல் காரணம் நூறு நாள் வேலை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது கிராமப்புறத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஊர் மாநகராட்சிக்குள் போனால் அந்த வேலைக்கான அட்டை செல்லாது என்பதுதான் அவர்களின் அச்சம். மனைகள் பெருகிய ஊராட்சியிலும், சாலையோரத்து நகரை விட்டு உள்ளே நடந்தால் கூலி வேலையை மட்டுமே நம்பியிருக்கும் தெருக்கள் இருக்கின்றன. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்? அந்தக் கூலி அவள் தன் மருந்துக்கும் பேரப்பிள்ளையின் நோட்டுக்கும் யாரிடமும் கை நீட்டாமல் செலவழிக்கும் பணம். இரண்டாவது காரணம் வரி. ஊராட்சியில் சில நூறு ரூபாயில் முடியும் வீட்டு வரி, மாநகராட்சியில் சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம் என்று பெருகும். வரி முதலில் வந்துவிடும், குழாயும் சாக்கடையும் எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்வதில்லை. 1931இல் வரிக்கு எதிராக நகருக்குள் எழுந்த குரல்தான் இது. இப்போது நகரத்தின் விளிம்பிலிருந்து வருகிறது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பொதுவாக அதிகம் பேசப்படுவதில்லை. ஊராட்சியில் கிராம சபை உண்டு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாள்களோடு தண்ணீர் தினத்திலும் உள்ளாட்சி தினத்திலும் கூடி, வரவு செலவுக் கணக்கை நேருக்கு நேராகக் கேட்கலாம். தலைவர் பக்கத்துத் தெருவில்தான் இருப்பார், தெருவிளக்கு எரியவில்லையென்றால் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். மாநகராட்சியில் அந்தச் சபை இல்லை. வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022இல் தமிழக அரசு விதிகள் வகுத்தது. அவை கிராம சபை அளவுக்கு மக்கள் மனதில் இடம்பிடிக்க இன்னும் காலம் ஆகும்.

இதில் இன்னொரு சிக்கல். புதுக்கோட்டை மாவட்டத்து ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து பொறுப்பேற்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. நகரத்தில் 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பழைய நகராட்சியின் 42 வார்டுகளுக்குத்தான் உறுப்பினர்கள். சேரும் ஊர்களுக்கு ஊராட்சித் தலைவரும் இல்லை, அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மாமன்ற உறுப்பினரும் இல்லை என்ற நிலை இதனால் வந்தது. தன் வாழ்க்கையை இவ்வளவு மாற்றுகிற ஒரு முடிவின்போது ஒரு ஊருக்குத் தனக்காகப் பேச ஆள் இல்லாமல் போவது நியாயமில்லை.

புதுக்கோட்டைக்கு இந்த அனுபவம் புதிதுமல்ல. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியே இல்லாமல் போனது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் திருச்சி, சிவகங்கை, இராமநாதபுரம், கரூர் என்று நான்கு நாடாளுமன்றத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மாவட்டத்துக்கு நான்கு எம்.பி.க்கள், ஆனால் நம்முடைய எம்.பி. என்று சொல்லிக்கொள்ள ஒருவர் இல்லை. அந்த வலி தெரிந்த நகரம், தன்னைச் சுற்றியுள்ள ஊர்களின் வலியையும் புரிந்துகொள்ள வேண்டும்.

நிறைவாக, விளிம்பு ஊர்களில் இருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வார்டு எல்லைகளின் வரைவுப் பட்டியல் வெளியாகும்போது அதை வாங்கிப் படியுங்கள். ஆட்சேபணை தெரிவிக்கக் கால அவகாசம் தருவார்கள். அதற்குள் எழுத்து மூலமாகக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீடுகளை மட்டும் பார்க்காமல் நீர்நிலைகளையும் பாருங்கள். நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சிறிய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருந்தவை. பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. ஊர் கைமாறும்போது உங்கள் ஊருணியும் கண்மாயும் அவற்றின் வரத்துவாய்க்காலும் யார் பொறுப்பில் போகின்றன, தூர்வாருவது யார், ஆக்கிரமிப்பு வந்தால் யாரிடம் புகார் கொடுப்பது என்று மாநகராட்சி ஆணையரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.