தராய் கிராமங்களில் தங்கிச் சேவை
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நேபாளம் என்றால் நமக்குப் பசுபதிநாத், முக்திநாத், பனிமலை. சாளக்கிராமம் கிடைக்கிற அதே கண்டகி, மலையை விட்டு இறங்கி, நாராயணி என்ற பெயரில் சித்வன் காட்டோரம் ஓடுகிறது. அந்தச் சமவெளிக்குத் தராய் என்று பெயர். யாத்திரை பஸ்ஸில் நாம் தூங்கிக்கொண்டே கடந்து போகிற பிரதேசம். அங்கே தாரு ஜனங்களின் வீடுகளில் தங்கி ஏதாவது சேவை செய்துவிட்டு வருவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

1950கள் வரை தராய் மலேரியாக் காடு. தாருக்கள்தான் தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள். டி.டி.டி. தெளித்துக் கொசுவை அடக்கியதும் மலையிலிருந்து ஜனங்கள் இறங்கி வந்தார்கள், நிலம் கைமாறியது. மேற்குத் தராயில் தாருக்கள் பலர் 'கமையா' என்ற கொத்தடிமை முறையில் சிக்கினார்கள். அரசு அதை ஒழித்தது 2000-ல்தான். அந்தக் குடும்பங்களின் வீட்டுத் திண்ணையில்தான் நாம் போய் உட்காரப் போகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

பர்தியா மாவட்டத்தில் டல்லா என்று ஒரு கிராமம். பர்தியா தேசியப் பூங்காவையும் நம் உத்தரப் பிரதேசத்துக் கதர்னியாகாட் சரணாலயத்தையும் இணைக்கிற காட்டுப் பாதையின் ஓரத்தில் இருக்கிறது. 2009-ல் பர்தியாவில் 18 புலிகள். 2022 கணக்கெடுப்பில் 125. நமக்குச் சந்தோஷமான செய்திதான். புல் அறுக்கக் காட்டோரம் போகிற பெண்ணுக்கு? விருந்தாளி தரும் பணம் அந்த வீட்டு அம்மாள் கையில் விழுந்தால்தான், புலி இருப்பதில் அவளுக்கும் ஒரு பிரயோஜனம். ஆகவே, ஒழுங்காகத் தங்கிப் பணம் கொடுத்துவிட்டு வருவதே பாதி சேவை என்பது என் அபிப்பிராயம்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். இரண்டு வாரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குழந்தைகளுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு புது வாத்தியார் என்றால் என்ன படிப்பு ஏறும்? ஆனால் தங்கும் வீடுகளை நடத்துவது கிராமக் கமிட்டி. விருந்தாளிகளை முறைவைத்து வீடுவீடாக அனுப்ப வேண்டும், கணக்கு எழுத வேண்டும். நம்மவர்களில் பாதிப் பேர் பாங்கில் ரிடையர் ஆனவர்கள். இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா? அவர்களாகக் கேட்டால் மட்டும்.

அனாதை இல்லத்தில் சேவை என்று பணம் கட்டச் சொல்கிற ஏஜென்சிகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நேபாளத்து இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனாரோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யூனிசெஃப் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டார் கொண்டுவரும் பணத்துக்காகவே குழந்தைகளைக் கிராமத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோனதும் நடந்திருக்கிறது.

சாப்பாட்டு விஷயம். முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதே! சாதம், பருப்பு, காய் கிடைக்கும். முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 'திக்ரி' என்று அரிசி மாவைப் பிடித்து ஆவியில் வைக்கிறார்கள், பூர்ணம் இல்லாத கொழுக்கட்டைதான். நெல் கொட்ட மண் குதிர். வீட்டுக்குள் அதுவே அறையைத் தடுக்கும் சுவரும் கூட. நத்தையும் மீனும் அவர்களுக்கு இஷ்டமான ஆகாரம், அடுப்பு ஒன்றுதான். ஆசாரம் பார்ப்பவர்கள் சொந்தப் பாத்திரம் கொண்டுபோகலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. முகம் சுளிப்பவர்கள் மட்டும் போக வேண்டாம்.

நமக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பேரன் பேத்திகளை அழைத்துப்போவதானால் ஒன்று கவனியுங்கள்: சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் செய்யக்கூடாது என்பது அங்கே சட்டம்.

லக்னோவிலிருந்து பஹ்ரைச், ரூபைடிஹா வழியாக நேபாள்கஞ்ச் போகலாம். அக்டோபர் கடைசி, நவம்பர், அல்லது பிப்ரவரி, மார்ச் நல்ல சமயம். மே மாத வெயில் பெரியவர்களுக்கு ஆகாது; ஜூன் முதல் மழை. கொசுவலை அவசியம். சந்தேகங்களை இப்போதே கேளுங்கள், காபி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.