மாதம் ஓர் இசைத்தட்டு

இசையில் ஈடுபாடு உடையவர் ஒருவரைக் கண்டால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இம்மாதம் புதிதாக வந்தவற்றுள் எதைக் கேட்டீர்கள்?" என்பதே அக்கேள்வி. சிலர் உடனே இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லுவர். வேறு சிலரோ, "இப்போது வருவனவும் ஓர் இசையா? எல்லாம் எங்கள் காலத்தோடு போயிற்று" என்று பெருமூச்சு விடுவர். இவ்விரு சாராருள் நானும் ஒரு காலத்தில் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். அதுவும் மாணவப் பருவத்திலேயே! அப்பிழையால் நான் இழந்தது என்ன என்பதையும், புதிய இசையை எவ்வாறு அணுகவேண்டும் என்பதையும் மாணவர்களாகிய உங்களோடு இன்று பேச விரும்புகிறேன்.

பழையன என்று நாம் போற்றும் இசைத்தட்டுகள் எல்லாம் ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு மாதத்தில், புதியனவாக வெளிவந்தவைதாம். அன்று அவற்றைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்டவர் சிலர் இருந்தமையால்தான் அவை இன்று நமக்குப் பழையனவாகக் கிடைக்கின்றன. இஃது எளிய உண்மை. ஆயினும் நாம் எளிதில் மறந்துவிடும் உண்மை.

இந்தியாவில் இசைத்தட்டின் கதை 1902-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தொடங்குகிறது. இங்கிலாந்திலிருந்து வந்த பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர், கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் பாடல்களைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அப்பாடகி, "என் பெயர் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லும் குரல் அத்தட்டுகளில் கேட்கும். அது தற்பெருமை அன்று. பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குச் சென்று, அங்கே தட்டுகளாக வார்க்கப்பட்டன. நம் மொழியோ பாடகர்களின் பெயரோ அறியாத அத்தொழிலாளர்கள், எது யாருடைய தட்டு என்று அடையாளம் காண்பதற்காகவே அவ்வறிவிப்பு வேண்டியிருந்தது. 1908-இல் கல்கத்தாவிலேயே ஒரு தொழிற்சாலை ஏற்பட்ட பிறகுதான் இந்நெடும் பயணம் ஓய்ந்தது.

அக்காலத்துத் தட்டு அரக்கினால் ஆனது. நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளின்மீது சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கே அதன் மூலப்பொருள். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டில், பத்து அங்குல அளவாயின் ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். ஓர் இராகத்தை ஒரு மணிநேரம் விரித்துப் பாடும் வித்துவான், அதே இராகத்தின் உயிரை மூன்று நிமிடத்திற்குள் காட்டியாகவேண்டும். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்ற கடுமையான தேர்வு அதில் இருந்தது. சிறந்த கலைஞர்கள் அக்கட்டுப்பாட்டையே ஒரு கலையாக மாற்றினார்கள். குறளடியில் பெரும்பொருளை அடக்குவது போன்றதொரு திறன் அது.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் நெடுநேர இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. எல்.பி. என்று நாம் வழங்குவது அதனையே. நிமிடத்திற்கு முப்பத்துமூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கும் மேலாக இசை அடங்கும். இதனால் பெரும்பயன் எய்திய இசைகளுள் நம் இசையும் ஒன்று. 1955-இல் சரோது மேதை அலி அக்பர் கான் நியூயார்க்கு நகரில் ஒரு நெடுந்தட்டைப் பதிவு செய்தார். ஒரு பக்கத்திற்கு ஓர் இராகமாக, இரண்டே இராகங்கள். தபேலா வாசித்தவர் சதுர்லால். வயலின் மேதை யெகுதி மெனுகின் தம் குரலிலேயே முன்னுரை கூறி, நம் இசையை மேனாட்டாருக்கு அறிமுகம் செய்தார். இந்தியச் செவ்வியல் இசைக்கென வெளிவந்த முதல் நெடுந்தட்டு அதுவே. மூன்று நிமிடச் சிறையிலிருந்து இராகம் விடுதலை பெற்றது என்று சொன்னால் மிகையாகாது.

இனி என் கதைக்கு வருகிறேன். 1968-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் திருச்சிராப்பள்ளியில் கல்லூரி விடுதியில் இருந்தேன். என் அறை நண்பனும் நானும் ஒரு தகரப் பெட்டியில் காசு சேர்ப்போம். இருவரும் மாலைச் சிற்றுண்டியைக் குறைத்துக்கொண்டு சேர்த்தால், இரண்டு மாதத்திற்கு ஒரு நெடுந்தட்டு வாங்கலாம். இசைத்தட்டு நிறுவனங்கள் புதிய தட்டுகளின் பட்டியலை மாதந்தோறும் அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்புவது அந்நாளைய வழக்கம். அப்பட்டியல் வந்துவிட்டதா என்று கேட்பதற்காகவே கடைவீதிக்கு நடப்போம். கடைக்காரப் பெரியவர் எங்களிடம் அன்புடையவர். வாங்குவதற்கு முன் ஒரு பக்கத்தைச் சுழலவிட்டுக் கேட்கவும் இசைவார்.

ஒருநாள் அவர் ஒரு புதிய தட்டை எடுத்து வைத்தார். 'பள்ளத்தாக்கின் அழைப்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் 1967-இல் பதிவான தட்டு அது. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ்பூஷண் கப்ராவின் கிதார் ஆகிய மூன்றும் சேர்ந்து இசைப்பது. நண்பன் கண்ணை மூடிக் கேட்கத் தொடங்கினான். நானோ ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. "வாய்ப்பாட்டு இல்லை, கீர்த்தனை இல்லை, நம் இராகத்திற்குக் கிதார் ஒரு கேடா?" என்றேன்.

பெரியவர், "தம்பி, ஒரு பக்கமாவது முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். நான் கேட்கவில்லை. அம்மாதம் தேர்வு செய்யும் முறை என்னுடையது. நண்பன் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முன்பே தெரிந்த பாடல்கள் அடங்கிய வேறொரு தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினோம். சில வாரங்களில் அவன் தந்தையார் காலமானார். குடும்பப் பொறுப்பை ஏற்கும்பொருட்டு அவன் படிப்பை விட்டு ஊர் சென்றான். தகரப் பெட்டியில் எஞ்சிய காசைப் பங்கிட்டுக்கொண்டபோது, "அந்தச் சந்தூர்த் தட்டை என்றாவது வாங்கினால் எனக்கும் ஒருமுறை சொல்" என்றுதான் சொன்னான்.

ஈராண்டு கழித்து, ஓர் உறவினர் இல்லத்தில் அத்தட்டை முழுதும் கேட்டேன். காசுமீரத்து ஆட்டிடையன் ஒருவனின் ஒருநாள் வாழ்வு அதில் இசையாக விரிகிறது. வைகறைக்கு ஆகிர் பைரவ், பின்னர்ப் பீலு, அந்திக்குப் பூப், இரவுக்குத் தேசு, பகாடி என்று பொழுதுக்கேற்ற இராகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முல்லைக்கு மாலையும், குறிஞ்சிக்கு யாமமும் வகுத்த மரபில் வந்த நமக்கு இது புதிய கருத்தா? என் வீட்டுப் பொருளையே அயல்பொருள் என்று எண்ணித் தள்ளியிருந்தேன். பல தந்திகளை உடைய சந்தூரைக் காசுமீரத்து நாட்டுப்புற இசையிலிருந்து செவ்வியல் அரங்கிற்குக் கொண்டுவந்தவர் சிவகுமார் சர்மா என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அவரையும் தொடக்கத்தில் பலர், 'இது செவ்வியல் இசைக்கு ஏற்ற கருவி அன்று' என்றே கூறினராம். அவர்களோடு சேர்ந்து நானும் கூறியிருந்தேன்! தட்டு ஒன்றை வாங்கி நண்பனுக்கு அனுப்பினேன். அவன் வீட்டில் அதனைச் சுழற்றும் கருவி இல்லை என்பதை அவன் எழுதிய நன்றிக் கடிதத்தால் உணர்ந்தேன். அந்தக் கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

அதன்பின் புதிய தட்டு எதுவாயினும் முழுதும் கேளாமல் தீர்ப்புச் சொல்வதில்லை என்று உறுதி கொண்டேன். அவ்வுறுதி என்னை நான் எண்ணிப் பாராத இடங்களுக்கு அழைத்துச் சென்றது. ஒரே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள், மைல்சு டேவிசு என்னும் டிரம்பெட் கலைஞரின் 'கைண்ட் ஆப் புளூ' என்ற ஜாஸ் தட்டு அமெரிக்காவில் வெளிவந்தது. முன்னர்த் தேவாலயமாக இருந்து ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய ஒரு கட்டடத்தில், மார்ச்சில் ஒரு நாளும் ஏப்ரலில் ஒரு நாளும் ஆக இரண்டே நாளில் பதிவானது. முழுதும் எழுதி வைத்த இசைக்குறிப்பு இல்லை. சில வரைவுகளை மட்டும் டேவிசு கலைஞர்களிடம் கொடுத்தார். விரைந்து மாறும் சுரக்கூட்டுகளைப் பின்தொடர்ந்து ஓடாமல், ஒரு சுர வரிசையிலேயே நின்று கற்பனையை விரிக்கவேண்டும் என்பதே திட்டம். அதன் முதல் உருப்படியின் பெரும்பகுதி அமைந்த சுர வரிசையை நம் ஆர்மோனியத்தில் வாசித்துப் பாருங்கள். கரகரப்பிரியா இராகத்தின் சுரங்கள் அவை! இராகத்தின் வளைவும் கமகமும் வேறு. ஆயினும் ஏணியின் படிகள் ஒன்றே.

அத்தட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. மார்ச்சு மாதப் பதிவின்போது நாடா சுழலும் கருவி சிறிது மெதுவாக ஓடிற்று. ஆதலால் முதல் பக்கத்து உருப்படிகள் மூன்றும் சற்றே உயர்ந்த சுருதியில் ஒலித்தன. 1992-இல் வந்த மறுபதிப்பில்தான் அது திருத்தப்பட்டது. உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைத் தவறான சுருதியில் கேட்டு மகிழ்ந்தது! கூர்ந்து கேட்பது எவ்வளவு அரியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அதே ஆண்டு டிசம்பரில் டேவ் புரூபெக் குழுவினரின் 'டைம் அவுட்' வந்தது. அதில் ஓர் உருப்படி ஐந்து எண்ணிக்கையில் நடப்பது. நமக்குக் கண்ட நடை பழகியது. நான்கு எண்ணிக்கைக்கே பழகிய அந்நாட்டாருக்கோ அது பெரும்புதுமை. இது விலைபோகுமா என்று வெளியிட்ட நிறுவனத்திலேயே ஐயுற்றவர் இருந்தனர். பின்னர் அது பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றது.

புதியது என்பதாலேயே ஒன்றைத் தள்ளுவதும், பழையது என்பதாலேயே ஒன்றைக் கொள்ளுவதும் அறிவுடைமை ஆகா என்ற கருத்தைக் காளிதாசர் தம் நாடகம் ஒன்றின் தொடக்கத்திலும், உமாபதி சிவாசாரியார் தம் சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்திலும் வைத்துள்ளனர். பெரியோர் நூலுக்குச் சொன்னது இசைக்கும் பொருந்தும். புதியது என்பதாலேயே ஒன்றைத் தலைமேல் வைத்துக் கூத்தாடுவதும் அதே பிழையின் மறுபுறமே.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2015-ஆம் ஆண்டு ஜூலை 10 முதல், உலகின் பல நாடுகளிலும் புதிய இசை வெள்ளிக்கிழமைதோறும் வெளியிடப்படுகிறது. பட்டியலுக்காகக் கடைவீதிக்கு நடக்க வேண்டுவதில்லை. உங்கள் கைபேசியிலேயே கடல்போல் வந்து குவிகிறது. தகரப் பெட்டியும் வேண்டுவதில்லை. ஆனால் நாங்கள் அறியாத ஒரு வறுமை உங்களைச் சூழ்ந்துள்ளது. அது கேட்கும் பொறுமையின் வறுமை. இசையை இணையவழி வழங்கும் பெரிய நிறுவனம் ஒன்றில், ஒரு பாடலை 30 விநாடி கேட்டாலே அது ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கு. எனவே முன்னிசையைச் சுருக்கி, எடுத்த எடுப்பிலேயே செவியைப் பிடித்து இழுக்கும் பாடல்களை ஆக்கும் போக்கு எழுந்துள்ளது. அரக்குத் தட்டு இசையை மூன்று நிமிடத்தில் அடக்கியது; இன்றைய கணக்கோ அரை நிமிடத்தில் நம் தீர்ப்பைக் கேட்கிறது. கடையில் நின்று ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்ன அந்த மாணவனைப் போல் நாம் எல்லோரும் ஆகிவிடலாமா?

ஆதலின் மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு பழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். மாதத்திற்கு ஒரே ஒரு புதிய தொகுப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் அறியாத கருவியோ, மொழியோ, பாடகரோ அதில் இருப்பது நன்று. அதனை முதலிலிருந்து இறுதிவரை, இடையில் வேறு பணி செய்யாமல் கேளுங்கள். அம்மாதத்திற்குள் வெவ்வேறு நாளில் மும்முறை கேளுங்கள். முதல் முறை நம் பழக்கமே பேசும். இரண்டாம் முறை ஐயம் பேசும். மூன்றாம் முறைதான் இசை பேசும். பாடியவர் பெயரோடு நில்லாமல், உடன் வாசித்தவர், பதிவு செய்தவர் ஆகியோர் பெயர்களையும் அறிந்துகொள்ளுங்கள். அதன்பின்னும் பிடிக்கவில்லையாயின், தயங்காமல் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்பதையும் இரண்டு வரியில் எழுதி வையுங்கள். ஓராண்டில் பன்னிரண்டு தொகுப்புகளே ஆகும். ஆயினும், பன்னிரண்டை உண்மையாகக் கேட்டவன், பன்னீராயிரத்தை அரைகுறையாகக் கேட்டவனிலும் செல்வன்.

இறுதியாக ஒன்று. கேட்டதைத் தனியே வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அறையிலும் கண்ணை மூடிக் கேட்கும் நண்பன் ஒருவன் இருப்பான். அவன் ஒரு பாட்டைச் சுட்டி, "இதைச் சற்றுக் கேள்" என்று சொல்லும்போது, உடனே மறுத்துவிடாதீர்கள். முழுதும் கேளுங்கள். கேட்டு முடிந்தபின் உங்கள் கருத்து மாறாமலும் இருக்கலாம், அதனால் குற்றமில்லை. ஆனால் அவன் அருகில் இருக்கும்போதே இருவரும் சேர்ந்து கேட்டோம் என்ற நிறைவு, பிற்காலத்தில் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதன்று.