சிறுநீரகத்தைக் காக்க வயிற்றையும் கவனியுங்கள்
(யோங் பெங் வட்டார மூத்தோருக்கான சுகாதார உரை)



சிறுநீரகம் பழுதானவர்கள் கிளினிக்கிற்கு வரும்போது, “மலம் தினமும் ஒழுங்காகப் போகிறதா?” என்று கேட்போம். சிலர் வெட்கப்படுவார்கள். சிலர், “கோளாறு சிறுநீரகத்தில்தானே, வயிற்றைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள்?” என்பார்கள். அதற்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன்.

நம் பெருங்குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பாக்டீரியா என்றாலே நோய் என்று பயப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை நமக்கு உதவுபவை. காய்கறி, கீரை, பருப்பு ஆகியவற்றில் உள்ள நார்ச்சத்தை நம் வயிற்றால் செரிக்க முடியாது. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை உண்டு, குடல் சுவரைக் காக்கும் சில அமிலங்களை உண்டாக்குகின்றன.

நார்ச்சத்து குறைந்து, செரிக்காத புரதம் அங்கே சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது இண்டோல், கிரெசால் போன்ற பொருள்கள் உண்டாகின்றன. இவை மாற்றமடைந்து ரத்தத்தில் கலக்கின்றன. நல்ல சிறுநீரகம் இவற்றைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடிவதில்லை. இப்படித் தேங்கும் நச்சு ரத்தக் குழாய்களுக்கும் இருதயத்துக்கும் நல்லதல்ல. ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், டயாலிசிஸ் இயந்திரத்தாலும் இதை முழுமையாக நீக்க முடிவதில்லை.

பாதிப்பு எதிர்ப்பக்கமாகவும் நடக்கிறது. சிறுநீரகம் வெளியேற்றாத யூரியா குடலுக்குள் இறங்குகிறது. பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. அம்மோனியா குடல் சுவரைப் பலவீனமாக்குகிறது. மலச்சிக்கலும் இருந்தால் கழிவு நீண்ட நேரம் குடலிலேயே கிடக்கும். அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம்.

இதைக் கேட்டதும், வீடு தேடி வந்து விற்கும் ‘நல்ல பாக்டீரியா’ தூளை வாங்கலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். ஆஸ்திரேலியாவில் சிறுநீரக நோயாளிகளுக்கு நல்ல பாக்டீரியாவையும் நார்ச்சத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ஆம் ஆண்டில் முடிவு வெளியானது. ரத்தத்தில் கிரெசால் நச்சு குறைந்தது உண்மை. ஆனால், சிறுநீரகத்தின் வேலைத்திறன் கூடவில்லை. ஆகவே, சிறுநீரகத்தைக் குணமாக்கும் தூள் என்று யார் சொன்னாலும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, என்ன சாப்பிடலாம்? இதில் நம் பழக்கத்தை ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும். மலம் போகவில்லை என்றால் வாழைப்பழம், உடம்பு சூடு என்றால் இளநீர் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவரின் ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இருதயத் துடிப்பே தடுமாறும். அதற்காகக் காய்கறியை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய் போன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். அதை ரசத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். உங்களுக்கு எவ்வளவு காய், எவ்வளவு புரதம், எவ்வளவு தண்ணீர் என்பதை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டரோ உணவியல் அதிகாரியோ சொல்வார்கள். மீன், கோழி, முட்டையை நீங்களாகவே நிறுத்தினால் வயதான உடம்பில் தசை கரைந்துவிடும்.

பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாது. அதன் நச்சு மூளையைத் தாக்கி விக்கலையும் வலிப்பையும் உண்டாக்கும், உயிருக்கே ஆபத்து. கருவாடு, ஊறுகாய், பாக்கெட் மீ ஆகியவற்றில் உப்பு அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். பேதி மருந்தையும் மூட்டுவலி மாத்திரையையும் கேட்காமல் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். நம் நாட்டில் சிறுநீரகத்தை அதிகம் கெடுப்பது இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும்தான். இந்த இரண்டையும் கட்டுப்பாட்டில் வைக்காமல் குடலை மட்டும் கவனித்துப் பயனில்லை. தீபகற்ப மலேசியாவில் 2011-ஆம் ஆண்டில் பெரியவர்களில் சுமார் 9 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. 2018-ஆம் ஆண்டு ஆய்வில் அது 15 விழுக்காட்டைத் தாண்டியது. நோய் உள்ள 20 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் தமக்கு அது இருப்பது தெரிந்திருந்தது. ஆரம்பத்தில் வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. சிறுநீரும் வழக்கம்போலவே போகும்.

ஆகவே, இனிப்பு நீரோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது யோங் பெங் அரசாங்க கிளினிக்கிற்கு வந்து, ரத்தத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் ஆல்புமின் புரதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரும்போது வீட்டில் சாப்பிடும் மாத்திரை, ஜாமு, தூள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நாங்கள் திட்ட மாட்டோம். மலம் எப்படிப் போகிறது என்று கேட்டால், வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.