தனியறையும் ஒரு குரலும்



புதுவையிலிருந்து கடலூர் செல்லும் சாலையை ஒட்டியது எங்கள் பிள்ளையார்குப்பம். வயலுக்கானாலும் ஆலைக்கானாலும், காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலையில் திரும்புவதையே வேலை என்று எண்ணியிருந்தவர்கள் நாங்கள். 2020 மார்ச்சு மாதத்தில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது அந்த எண்ணம் மாறிற்று. பெங்களூரில் பணிபுரிந்த என் தமக்கை மகன் மடிக்கணினியுடன் ஊர் வந்து சேர்ந்தான். ஊரடங்கு நீங்கிய பின்னரும் அவன் வேலை வீட்டோடு நிலைத்துவிட்டது.

"வாடகை இல்லை, பஸ் நெரிசல் இல்லை, அம்மா கையால் சோறு, உனக்கென்னப்பா குறை?" என்று நான் அவனிடம் பலமுறை கேட்டதுண்டு. அது எவ்வளவு பெரிய பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அலுவலகம் செல்பவனுக்கு வழியில் நாலு முகம் தென்படுகிறது. தேநீர்க் கடையில் நாலு வார்த்தை கிடைக்கிறது. வீடு திரும்புவதற்குள் வேலையின் பாரமும் சற்றே இறங்கிவிடுகிறது. வீட்டிலிருந்து உழைப்பவனுக்கோ வேலை தொடங்குவதும் முடிவதும் ஒரே நாற்காலியில்தான். என் மருமகனுக்கு இரவில் உறக்கம் போயிற்று; பின்னர் உணவிலும் பேச்சிலும் விருப்பம் போயிற்று. நாங்கள் அதனைச் சோம்பல் என்றோம்.

இத்தகையோருக்கென மத்திய அரசு 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் அதற்குத் தலைமை நிலையம். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் செவிசாய்ப்பார். தேவையாயின் மனநல மருத்துவரிடம் இணைப்பார். 2024இல் இதற்கெனக் கைப்பேசிச் செயலியும் வந்தது. கருவி புதிது, கருத்துப் பழையது. 1953இல் இலண்டனில் சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பும், 1986இல் சென்னையில் சினேகாவும் தோன்றியது, துயருற்றவர் பேச்சைக் கேட்க ஒரு செவி வேண்டும் என்பதற்காகவே.

அவ்வெண்ணை என் மருமகன் தானே அறிந்துகொண்டான். ஆனால் எங்கிருந்து பேசுவது? சிறிய வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் தாய், மறு சுவருக்கு அப்பால் பாட்டி. ஒரு மாலை வயல் வரப்பில் நின்று நெடுநேரம் பேசினான். தொலைவிலிருந்து பார்த்த நான் எதுவும் கேட்கவில்லை. சில நாள் கழித்து அவனே சொன்னான்: "மாமா, அந்த அம்மா எனக்குப் புத்தி சொல்லவில்லை, நான் சொன்னதைக் கேட்டார்கள்." அச்சொல் என்னைச் சுட்டது.

மருத்துவரை நேரில் காணும்படியும் அவர் கூறியிருந்தார். குரல் ஒரு வாயில். அதுவே முழு வைத்தியமன்று. உறக்கமும் உணவும் பல நாள் கெட்டாலும், வாழ்வில் வெறுப்புத் தோன்றினாலும் மருத்துவரை நாடுதல் அவசியம். எங்கள் ஊரிலேயே மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் அங்கே ஓடிய நாங்கள், மனத்திற்கும் அங்கே ஒரு பிரிவு உண்டு என்பதை எண்ணிப் பார்த்ததில்லை. அவனுடன் நானும் சென்றேன். இப்பொழுது அவன் உறங்குகிறான். மாலையில் கணினியை மூடிவிட்டு ஏரிக்கரை வரை நடந்து வருகிறான்.

பெரியோர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. வீட்டிலிருந்து உழைக்கும் பிள்ளையிடம் "உனக்கென்ன குறை?" என்று கேளாதீர்கள். அவன் மனம்விட்டுப் பேச விரும்பினால், அரைமணி நேரம் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள இடங்கொடுங்கள்.