காவல் என்ற பெயரால் கவர்தல் ஆகாது

(கமக்காரரும் கல்விமான்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அறியாதார் இச்சபையில் இருக்கமாட்டார்கள். தன் தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் அமைத்த கிணறுகள் ஏழு என்பது வழிவழி வந்த கதை. அது கதையாகவே இருக்கட்டும். ஆனால் அக்கிணற்றடியில் நம் முன்னோருக்கு நாம் அந்தியேட்டிக் கடன் ஆற்றிவந்தது கதையன்று, நம் வாழ்வு. அங்கே பிள்ளையார் கோயிலின் அத்திவாரம் இருந்த நிலத்தில் விகாரை எழுப்பும் முயற்சிக்கு எதிராக 2019 யூலையில் மக்கள் திரண்டார்கள். அம்மாதமே திருகோணமலை மேல் நீதிமன்றம் அம்முயற்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. வழிபட்ட மக்கள் தம் வழிபாட்டிடத்தைக் காக்க நீதிமன்றப் படியேற நேர்ந்தது ஏன்? இக்கேள்வியே இன்று நம்மை இங்கு கூட்டியிருக்கின்றது.

பழம்பொருள் காப்பதை நாம் எதிர்க்கின்றோமா? இல்லை. தென்னிலங்கை மக்கள் நம் மண்ணைக் காண வருவதை வெறுக்கின்றோமா? அதுவும் இல்லை. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் இலங்கைக்கு வந்தனர். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பும், அதன்பின் வந்த கொள்ளைநோயும், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியும் அவ்வரவை ஒடித்தன. 2022இல் வந்தோர் ஏறக்குறைய 7 இலட்சத்து 20 ஆயிரம் பேரே. அக்காலத்தில் விடுதிக்காரனுக்கும் வள்ளக்காரனுக்கும் அடுப்பெரிய உதவியவர் உள்நாட்டுப் பயணிகளே. குறிகட்டுவானில் வள்ளமேறி நயினாதீவு செல்லும் சிங்கள யாத்திரிகர் விகாரையையும் வணங்குகின்றார். நாகபூசணி அம்மனையும் கும்பிடுகின்றார். அவரோடு நமக்கு என்ன பகை? அவர் வாங்கும் பனங்கட்டிக் குட்டான் ஓர் ஏழைத் தாயின் ஒருநாள் உணவன்றோ?

ஆகவே நம் வழக்கு பயணியோடு அன்று, அரசாங்கத்தின் கொள்கையோடு. நாம் கேட்பவை மூன்று. காப்பவர் யார்? கதை சொல்பவர் யார்? பயன் பெறுபவர் யார்?

முதலாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். 2020 யூனில், கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கென ஜனாதிபதி ஒரு செயலணியை நியமித்தார். அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர்! தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்திற்கு நியமித்த அச்செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை. ஒரு முஸ்லிமும் இல்லை. கல்வெட்டுப் படிப்பதற்குப் படைத்துறை எதற்கு?

முல்லைத்தீவுக் குருந்தூர்மலையைப் பாருங்கள். பழைய பௌத்தச் சின்னங்கள் அங்குண்டு, நாம் மறுக்கவில்லை. ஆதிசிவன் ஐயனாரை அயற்கிராம மக்கள் அங்கு வழிபட்டு வந்ததும் உண்மை. 1933இல் பிரித்தானியர் ஆட்சி வர்த்தமானியில் ஒதுக்கிய நிலம் 78 ஏக்கர். போருக்குப் பின்னரோ அந்த எல்லைக்கு அப்பாலும் கை நீண்டது. 1984இல் துரத்தப்பட்ட தண்ணிமுறிப்புக் கமக்காரன், காலங் கடந்து திரும்பி வந்து கலப்பையைத் தொட்டால், "இது தொல்பொருள் நிலம்" என்கிறார் ஓர் அதிகாரி. "இது காடு" என்கிறார் மற்றோர் அதிகாரி. அவன் நெல் விதைப்பது எங்கே? 2022இல் நீதிமன்றம் புதிய கட்டுமானம் கூடாதெனக் கட்டளையிட்டது, கட்டுமானம் நின்றபாடில்லை. 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீதிபதி உயிரச்சுறுத்தலைக் காரணம் கூறிப் பதவி துறந்து நாட்டைவிட்டே வெளியேறினார். நீதிபதிக்கே இந்நிலையென்றால் கமக்காரன் கதி யாது?

இரண்டாவது கேள்வி, கதை சொல்பவர் யார் என்பது. பௌத்தச் சின்னம் கண்ட இடமெல்லாம் சிங்களக் குடியிருப்பின் சான்று என்று சொல்லப்படுகின்றது. மணிமேகலை பாடிய சாத்தனார் எம்மொழிப் புலவர்? கன்னியாவுக்குத் தொலைவில்லாத வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் தமிழர் அப்பள்ளிக்கு அளித்த தானங்களைக் கூறுகின்றன. கந்தரோடைத் தூபிகளும் தமிழ் மண்ணிற்கு அந்நியமானவை அல்ல. இவற்றை உள்ளபடி மும்மொழியிலும் எழுதிவைத்தால், காலியிலிருந்து வரும் பள்ளிச் சிறுவன் பகைமையை அன்று, உறவையே கற்றுச் செல்வான்.

மூன்றாவது, பயன். போருக்குப் பின் காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவமே உல்லாச விடுதி நடத்தியது. காணிக்குச் சொந்தக்காரன் முகாமில். அவன் கடற்காற்று விற்பனையில்! இதுவா சமூகக் கொள்கை?

நம் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நல்லூர் மந்திரிமனை நம் கண்முன்னே சிதைந்து, 2025 செப்டெம்பர் மழையில் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அதை இடித்தது அந்நியனா? கும்பாபிடேகம் என்று சொல்லிப் பழைய கருங்கற் கோயிலைப் பெயர்த்துச் சீமெந்தால் கட்டுகின்றோம். கல்வெட்டின்மேல் வர்ணம் பூசுகின்றோம். நாற்சார் வீட்டை இடித்து ஓட்டையும் மரத்தையும் விற்கின்றோம். தன் பொருளைத் தானே பேணாதவன் பிறர் பறிக்கும்போது எழுப்பும் குரலுக்கு வலிமை ஏது?

ஆகவே நாம் வேண்டுவன இவை. எந்த நிலத்தையும் ஒதுக்கமுன், கிராமத்தாருக்குத் தமிழில் அறிவித்தல் கொடுத்து அவர்கள் வாதத்தைக் கேட்டல் வேண்டும். உழும் வயல் எல்லைக்குள் அகப்பட்டால் உழவுரிமை நிலைக்கவேண்டும். இயலாதவிடத்து ஈட்டு நிலம் தரவேண்டும். காப்புச் சபைகளில் தமிழ், முஸ்லிம் அறிஞர் இடம்பெற வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அவ்வூர்ப் பிரதேச சபைக்குச் சேரவேண்டும். தேசிய முக்கியத்துவம் உடையவையெனச் சட்டத்தால் பிரகடனம் செய்யப்படாத சின்னங்களை மாகாணங்களுக்கு உரியவையாக்கியது 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம். எழுதிய சட்டத்தைச் செயலாக்குமாறு கேட்பது பிரிவினையா?

கற்றவர்களே, நீங்கள் ஊர்தோறும் சென்று கல்வெட்டையும் கோயிலையும் காணி உறுதியையும் பதிவு செய்யுங்கள். கமக்காரர்களே, உங்கள் உறுதிகளைப் பத்திரப்படுத்துங்கள். அறிவித்தல் வந்த அன்றே சட்டத்தரணியிடம் செல்லுங்கள். வருகின்ற விருந்தினரை இன்முகத்தோடு வரவேற்போம். வீட்டின் திறப்பை மட்டும் நம் மடியிலே வைத்திருப்போம்.