கணக்கு யார் கையில்?
(வாழவந்தி நாட்டில் பேசியது)

தோழர்களே, 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தேன். இதே வளைவுகளில்தான் பிரசவ வலியோடு தாய்மார்கள் இறங்கணும்.

1994 கெய்ரோ மாநாட்டில் 179 நாடுகள் கூடிப் போட்ட கணக்கு: இனப்பெருக்க நலத்துக்கும் மக்கள்தொகைத் திட்டங்களுக்கும் 2000-ஆம் ஆண்டில் 1,700 கோடி டாலர் வேணும். மூன்றில் ஒரு பங்கு பணக்கார நாடுகள் தரணும். சொன்னபடி தரவில்லை. மீதி நம் அரசுகளின் பொறுப்பு.

இங்கே? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 2018-ல் 18,000 ரூபாயானது. ஆனா 19 வயசு நிறையணும், இரண்டு பிரசவம் மட்டும்தான் என்று விதி வச்சாங்க. பதினெட்டில் பெற்றவளுக்கு, மூணாவது சுமப்பவளுக்குச் சத்து வேண்டாமா?

புறப்பட்ட பணத்தை எண்ண ஆள் உண்டு. குடிசைக்கு வந்ததை நாமதான் எண்ணணும். கிராம சபையில் கேளுங்க: எத்தனை பிரசவம்? யாருக்கு எத்தனை தவணை? யாரை, ஏன் ஒதுக்கினீங்க?

சலுகை கேட்கல. கணக்குக் கேட்கிறோம்.