கோபம் ஆளறிந்து வருகிறது

(அலங்காநல்லூர்க் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசவந்தது மனதைப்பற்றி. மனம் என்றதும் ஆத்மா, பூர்வ ஜென்மம், கிரகபலன் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். அந்த வழிக்கு நாம் போகவேண்டியதில்லை. நமக்குள் தினமும் எழும் பயம், கோபம், அருவருப்பு இம்மூன்றையும் நம் புத்தியைக் கொண்டே சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

இவ்வூருக்கு ஜல்லிக்கட்டால் உலகப் பெயர் உண்டு. தை மாதத்தில் இங்கே வாடிவாசல்முன் நிற்கும் வாலிபனுக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. சிலர் இதைச் சாமி இறங்கிற்று என்பார்கள். எந்தச் சாமியும் இறங்கவில்லை. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் விடுகின்றன. பயத்திலும் கோபத்திலும் உடம்பில் நேரும் இம்மாறுதல்களை அமெரிக்காவில் வால்டர் கேனன் என்பவர் ஆராய்ந்து, 1915-ம் வருஷத்தில் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. சங்கதி அவ்வளவுதான்.

காளையைப்பற்றியும் ஒரு கதை உண்டு. சிவப்புத் துணியைக் கண்டால் அதற்கு வெறி வருமாம். மாட்டின் கண்ணுக்குச் சிவப்பு நம் கண்ணுக்குப்போல் தனித்துத் தெரிவதேயில்லை. துணியின் அசைவுதான் அதைக் கிளப்புகிறது. காளையின் கோபத்துக்கே தப்பான காரணம் சொல்லிவந்த நாம், நம் கோபத்துக்குச் சொல்லும் காரணம் மட்டும் சரியாயிருக்குமா?

மனைவியை அடித்தவனைக் கேளுங்கள். "கோபம் வந்துவிட்டது, என்னையறியாமல் கை நீண்டுவிட்டது" என்பான். சரி அய்யா! வட்டிக்காரன் நடுத்தெருவில் நிறுத்தி மானத்தை வாங்கினானே, அப்போது கை ஏன் நீளவில்லை? போலீஸ்காரர் அதட்டியபோது கை தானாகக் கட்டிக்கொண்டதே! அறியாமல் வந்த கோபத்துக்கு ஆள் பார்க்க எப்படித் தெரிந்தது? யாரை அடித்தால் திருப்பி அடிக்கமாட்டார்கள் என்பது அதற்கு நன்றாய்த் தெரிந்திருக்கிறது. படபடப்பு சுரப்பியின் வேலை. அடிக்க ஆள் பொறுக்குவது நாம் பழகிய பழக்கத்தின் வேலை.

அருவருப்பும் அப்படியே. இன்னார் குடித்த குவளையைத் தொட்டால் சிலருக்கு உடம்பு கூசுகிறதாம். கூசுவது நிஜமாகவே இருக்கட்டும். தவழும் குழந்தைக்கு ஏன் கூசவில்லை? யார் கொடுத்தாலும் வாங்கித் தின்கிறதே! பெரியவர்கள் முகத்தைச் சுளித்துச் சுளித்துக் கற்றுக்கொடுத்த பாடம் அது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஏட்டில் ஒழிந்தது முகத்தில் ஒழியவேண்டாமா? அந்த இடத்துக்குச் சட்டம் வராது. அவனவனேதான் அங்கே காவல் நிற்கவேண்டும்.

அதற்கு மந்திரமும் வேண்டாம், தாயத்தும் வேண்டாம். மனதில் எழுவதை எழும்போதே கவனி என்று சுமார் 2,500 வருஷங்களுக்கு முன்பே புத்தர் போதித்தார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரியில் ஜான் கபாட் ஜின் என்பவர் 1979-ல் அந்தப் பயிற்சியை நோயாளிகளுக்குக் கற்பிக்க ஆரம்பித்தார். கடவுளும் தேவைப்படவில்லை, பூசாரியும் தேவைப்படவில்லை.

கோபமே கூடாது என்று நாம் சொல்லவரவில்லை. "கோபத்தை அடக்கு" என்ற உபதேசம் காலமெல்லாம் அடிபட்டவனுக்கே செய்யப்பட்டு வந்திருக்கிறது. அநியாயத்தைக் கண்டு வரும் கோபம் இருக்கட்டும். ஆனால் கோபம் வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். என் உடம்பில் இப்போது என்ன நடக்கிறது? இது யார்மேல் பாயப்போகிறது? அவர் என்னைவிட வலியவராயிருந்தால் இந்தக் கோபம் வருமா? மூன்றாவதற்கு "வராது" என்று பதில் வந்தால், கையைக் கீழே போடுங்கள்.

பாயும் காளையின் கொம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்கொட்டாமல் பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள். அந்தக் கவனத்தில் கால்பங்கு வீட்டில் இருந்தால் போதும். இன்றிரவு குழம்பில் உப்புக் குறைந்திருந்தால், அங்கேயே பரீட்சை பார்த்துக்கொள்ளுங்கள்.